கைகள் தீர்ந்த பிறகு

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான். கால் சுளுக்கினால் நொண்டிக்கொண்டாவது வேலைக்கு வந்துவிடலாம். கையில் அடிபட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் இருக்கும் தோபிகானாவில் துவைத்து, மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இஸ்திரி போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் நாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது இருக்கும் தோபிகானாவை 1976-ல் ஜி.சி.டி.ஏ. என்ற கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. ஈரப் போர்வையைக் கல்லில் ஓங்கி அடிப்பது, கஞ்சி போட்டுப் பிழிவது, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவது, சிரட்டைக் கரி போட்ட பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்ப்பது என்று தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கையின் வேலை.

பத்து வருஷத்துக்கும் மேலாக நான் டயாலிசிஸில் இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று முறை. இந்த வருஷங்களில், மெஷினுக்கு ரத்தம் எடுக்கும் வழிகள் என் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாக அடைந்துபோயின. "இனி கையில் ஒண்ணும் செய்றதுக்கில்ல" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். நான் மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது, அதற்குப் பிறகும் நான் எப்படி உயிரோடு இருக்கிறேன் என்பதை, இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டயாலிசிஸ் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது மெஷின்தான். எத்தனை மெஷின், எத்தனை கட்டில், ஒரு தடவைக்கு எவ்வளவு ரூபாய் என்றுதான் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மெஷின் 1940-களிலேயே வந்துவிட்டது. நெதர்லாந்தில் கம்பென் என்ற ஊரில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர் மர உருளையில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி முதல் மெஷினைச் செய்தார். 1945-ல் அதனால் ஒரு பெண்மணி பிழைத்தார். ஆனாலும் அடுத்த 15 வருஷம், சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுப்போனவர்களுக்கு அந்த மெஷினால் பெரிய உதவி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கையையோ காலையோ கீறி, ரத்தக்குழாயை வெளியே எடுத்து, கண்ணாடிக் குழாய் செருகி, முடிந்ததும் கட்டிவிடுவார்கள். கட்டிய குழாய் அதோடு சரி. உடம்பில் இருக்கும் குழாய்கள் தீர்ந்ததும் நோயாளியும் தீர்ந்தார். மெஷின் இருந்தது, சரிசெய்யத் தெரிந்த டாக்டர் இருந்தார், உள்ளே போக வழி இல்லை.

1960 மார்ச் மாதம் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டரும் வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரும் அந்த வழியைத் திறந்தார்கள். டெஃப்லான் குழாய் ஒன்று தமனியில், இன்னொன்று சிரையில்; டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே ஒரு வளைவால் இணைத்துவிட்டால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், உறையாது. அந்தக் குழாயை முதலில் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் ஒரு மெஷின் தொழிலாளி. சாகப்போகிறார் என்று வந்தவர் இன்னும் 11 வருஷம் வாழ்ந்தார். அதற்குப் பிறகு 1966-ல் நியூயார்க்கில் ப்ரெஸ்சியா, சிமினோ என்ற டாக்டர்களும் ஆப்பெல் என்ற சர்ஜனும் அவர்கள் சகாக்களும் சேர்ந்து ஃபிஸ்டுலாவைப் பற்றி எழுதினார்கள். சிமினோ மாணவராக இருந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். ஊசி குத்தத் தோதான ஒரு தடித்த சிரையை உண்டாக்கிவிட்டால் குழாயே வேண்டாம் என்ற யோசனை, அந்த வேலையைக் கையால் செய்தவருக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மெஷின் நிமிஷத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தம் கேட்கும். நான்கு மணி நேரத்தில் 60, 70 லிட்டர் அதன் வழியாகப் போய்த் திரும்புகிறது. உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர் சொச்சம். கையில் நமக்குத் தெரியும் பச்சைச் சிரைகளில் அவ்வளவு வேகமான ஓட்டம் கிடையாது. வேகம் இருக்கும் தமனி ஆழத்தில் இருக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் அதில் குத்த முடியாது. ஆகவே தமனியின் பக்கத்தில் சிரையை இணைத்துத் தைத்துவிடுகிறார்கள்; இதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்ந்து, ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அது தடித்து, சுவர் கெட்டிப்பட்டு, ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வருகிறது. விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை வழி இருக்கிறது என்று அர்த்தம்.

சொல்வதற்கு எளிது. எனக்கு நடந்தது வேறு வரிசையில்.

பிரஷர் இருந்ததே தெரியாது. கால் வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன ராத்திரியே கழுத்தின் வலது பக்கம் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். அதற்கு முந்தைய சில நாட்களில் இரண்டு கைகளிலும், மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும், ட்ரிப்ஸுக்காகவும் ரத்தப் பரிசோதனைக்காகவும் குத்தாத இடமில்லை. கழுத்துக் குழாயில் கிருமி தொற்றியதும் வேறொரு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு வலது காறை எலும்புக்குக் கீழே புதுக் குழாய் போட்டார்கள். காய்ச்சலில் கிடந்த எனக்கு அப்போது அது வெறும் இன்னொரு குழாய். காறை எலும்புக்கு அடியில் போகும் சிரையில் குழாய் போட்டால் பிற்பாடு அந்தச் சிரை சுருங்கிவிடும் ஆபத்து அதிகம் என்பதும், அது சுருங்கினால் அந்தக் கை முழுவதுமே ஃபிஸ்டுலாவுக்கு உதவாமல் போகும் என்பதும் நான் வருஷக்கணக்கில் கழித்துத் தெரிந்துகொண்டவை. உயிரைக் காப்பாற்றிய குழாய் அது. ஆனால் அதன் விலையை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெட்டி பிடிக்கும் கை வலது என்பதால் இடது மணிக்கட்டில் முதல் ஃபிஸ்டுலா. பந்தை அமுக்கிப் பழகச் சொன்னார்கள்; நான் ஈரத் துண்டைப் பிழிந்தேன். சில வாரங்களில் அது ஓட்டம் நின்று உறைந்துபோயிற்று. அந்த இடத்துச் சிரை ஊசி பட்டுப் பட்டு ஏற்கெனவே மெலிந்திருந்தது என்றார் சர்ஜன். இரண்டாவது, இடது முழங்கையில். அது வளர்ந்தது. பல வருஷம் என்னை ஓட்டியது அந்த ஒன்றுதான்.

அந்தக் கையை நான் எப்படிப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் வலி குறையும், டெக்னீஷியனுக்கும் சுலபம். ஆனால் அந்த இடம் பலவீனப்பட்டு முட்டையளவு புடைத்துக்கொள்ளும். என் முழங்கைக்கு மேல் அப்படி இரண்டு புடைப்புகள். குஜராத்தி ரோட்டு வீடுகளுக்குத் துணி கொடுக்கப் போனால் குழந்தைகள் அதையே பார்க்கும். கொச்சியின் புழுக்கத்தில், பெட்டியின் அனலுக்கு முன்னால், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ராத்திரி தலையணையில் கை படிந்தால் காதுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சல். அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன் என்பதுதான் உண்மை. அது நின்றுவிட்டால் எத்தனை அமைதியாக இருக்கும் என்று நினைத்த ராத்திரிகள் உண்டு.

ஊசி குத்துவதிலேயே முறைகள் உண்டு என்பது பல வருஷம் டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கே தெரிவதில்லை. ஏணிப்படி முறையில் ஒவ்வொரு தடவையும் சிறிது தள்ளித் தள்ளிக் குத்திக்கொண்டே மேலேறி, திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று, 1970-களில் போலந்தில் ட்வர்டோவ்ஸ்கி என்ற டாக்டர் கவனித்தது. அவருடைய நோயாளி ஒருவருக்குக் குத்த இடமே குறைவு. அதனால் அதே புள்ளியில், அதே கோணத்தில், அதே ஆழத்தில் குத்தி வந்தார்கள். நாளடைவில் கம்மல் துளை மாதிரி ஒரு தடம் உண்டாகி, வலியில்லாமல் ஊசி தானாக வழுக்கிக்கொண்டு போனது. பட்டன்ஹோல் என்கிறார்கள். தடத்தைக் கட்டியெழுப்பும்வரை ஒரே கைதான் குத்த வேண்டும், பொருக்கைச் சுத்தமாக எடுக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் கிருமி நேரே ரத்தத்துக்குள் போய்விடும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் எங்கள் யூனிட்டில் அது நடக்கிற காரியமில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த கமல் ஷா 1997-ல் டயாலிசிஸுக்கு வந்தவர். பிறகு நெஃப்ரோபிளஸ் டயாலிசிஸ் மையங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். பட்டன்ஹோல் முறையில் தனக்குத்தானே ஊசி குத்திக்கொண்டு வீட்டிலேயே ராத்திரி டயாலிசிஸ் செய்துகொண்டவர் அவர். அதைப் படித்துவிட்டு எங்கள் டெக்னீஷியனிடம் ஏணிப்படி முறையிலாவது குத்தும்படி கெஞ்சிக் கேட்டு, புடைப்புகளை விட்டு மேலே போக வைத்தேன். "சேட்டா, புது எடத்துல வலிக்கும்" என்றான். வலித்தது. அந்தக் கை இன்னும் சில வருஷம் தாங்கியது.

ஃபிஸ்டுலா சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லும். ஊசியை எடுத்த பிறகு பத்து நிமிஷத்தில் நிற்கும் ரத்தம் அரை மணி நேரம் ஒழுகும். மெஷினில் சிரை அழுத்தம் ஏறி அடிக்கடி அலாரம் அடிக்கும். விர்ரென்ற அதிர்வு மாறி, டக் டக்கென்று நாடி மாதிரித் துடிக்கும். எங்கோ உள்ளே குழாய் குறுகிவிட்டது என்று அர்த்தம். அப்போதே பலூன் வைத்து விரித்தால் பிழைத்துக்கொள்ளும். எனக்கும் விரித்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. ஒரு விடியற்காலையில் கையைத் தொட்டால் அதிர்வு இல்லை. உறைந்ததை எடுக்க ஓரிரு நாள்தான் அவகாசம்; அந்த வசதியுள்ள இடத்தில் எங்களுக்குத் தேதி கிடைப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது.

அடுத்து வலது கை. பெட்டி பிடித்த கை. மேற்கையின் உள்பக்கத்தில் ஆழமாக ஓடும் பேசிலிக் சிரையை முதல் ஆபரேஷனில் தமனியோடு சேர்த்து, அது தடித்த பிறகு இரண்டாவது ஆபரேஷனில் தோலுக்கு அடியில் மேலே கொண்டுவந்து வைத்தார்கள். அதோடு பெட்டி என் கையை விட்டுப் போனது. இஸ்திரி மேசைக்கு என் மனைவி வந்தாள். ஆனால் அந்தக் கை ஊசி கண்டதும் வீங்க ஆரம்பித்தது. விரல் மடங்காது, மார்பில் பச்சைச் சிரைகள் கிளைவிட்டுத் தெரிந்தன, காலையில் முகம் உப்பியிருக்கும். மை செலுத்திப் படம் எடுத்தபோது, காறை எலும்புக்கு அடியில், பழைய குழாய் இருந்த அதே இடத்தில், சிரை நூலாகச் சுருங்கியிருந்தது. பலூன் வைத்தார்கள், திரும்பவும் சுருங்கியது. ஸ்டென்ட் வைத்தார்கள், அதற்குள்ளும் அடைத்தது. கடைசியில் கை வீக்கத்தின் கொடுமை தாங்காமல் ஃபிஸ்டுலாவையே கட்டிப் போட வேண்டியதாயிற்று.

கைகள் தீர்ந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கழுத்தின் இடது பக்கத்தில், தோலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிப் போடும் பெர்ம்கேத். அதில் ஊசி குத்தும் வலி இல்லை. ஆனால் மெஷின் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு நாள் பல் கிட்டும் குளிர் வந்தது. நான்கு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. குழாய்க்குள் கிருமி தங்கியிருந்தால் ரத்தம் ஓடும்போது அது உடம்பெங்கும் போய்ச் சேரும். வெளியில் காயம் சுத்தமாகத்தான் இருக்கும். அட்மிட், ஆன்டிபயாடிக், குழாயை எடுத்தல், அதுவரைக்கும் தொடை இடுக்கில் தற்காலிகக் குழாய். அதோடு நடக்க முடியாது, நிமிர்ந்து உட்கார முடியாது, மல்லாந்து படுத்த மேனிக்கு விட்டத்தைப் பார்க்கலாம்.

டாக்டர் கையில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னது இந்த நிலையில் படுத்திருக்கும்போது. எனக்கு வந்த நிம்மதியின் காரணம் இதுதான்: முடிவு செய்யும் பாரம் என் தலையிலிருந்து இறங்கியது. நான் நிறுத்தவில்லை, உடம்பு நிறுத்திவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லலாம். கடன் ஏறாது. அவள் காலை ஐந்து மணிக்குக் கரி பற்றவைக்க வேண்டாம். இந்த நினைப்பில் இருந்த ஆசை சாகும் ஆசை இல்லை, ஓய்வெடுக்கும் ஆசை. நீண்டகால டயாலிசிஸில் இருக்கும் பலருக்கும் இது ஏதாவது ஒரு நாள் வருகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்களிடம் பேசிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்லாததால் அது எனக்குள் பெரிதாகிக்கொண்டே போனது.

என் மனைவி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கால்ல முடியாதா, சார்?"

மருத்துவம் படித்துக் கேட்ட கேள்வி இல்லை அது. யூனிட்டில் திரை மறைத்த கட்டில் ஒன்றில் ஒரு பெரியவருக்குத் தொடையில் ஊசி போட்டிருப்பதை அவள் பார்த்திருந்தாள். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முடியலாம். ஆனா எல்லாரும் செய்யறதில்ல. ஒரு சர்ஜனைப் பாருங்க" என்றார். எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சர்ஜன் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, என் பழைய குழாய்களையெல்லாம் வரிசையாகக் கேட்டார். எந்தப் பக்கம், எந்த வருஷம், எத்தனை நாள் இருந்தது. எனக்குப் பதில் சொல்ல முடிந்தது. தொழில் பழக்கம் அது: யார் வீட்டுத் துணி என்பதற்குச் சேங்கொட்டை மையில் குறி போட்டு, நோட்டில் எழுதிவைக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஒவ்வொரு ஆபரேஷனையும் அதே மாதிரி நோட்டில் எழுதியிருந்தேன். அவர் அந்த நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் என் ரத்தக்குழாய்களின் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் வழிகளைச் சொன்னார். வயிற்றின் வழியாகச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸுக்கு ரத்தக்குழாயே வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ரத்தக்குழாய் தீர்ந்தவர்களுக்கு அதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. எனக்குச் சின்ன வயசில் குடல்வால் வெடித்துப் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்ததால் உள்ளே குடல் ஒட்டிக்கிடந்தது; அது நடக்காது என்றார். மார்பின் குறுக்கே ஒரு பக்கத் தமனியிலிருந்து மறுபக்கச் சிரைக்குச் செயற்கைக் குழாய் போடலாம், ஆனால் என் மார்புச் சிரைகளே கெட்டிருந்தன. அமெரிக்காவில் 2008-ல் ஹீரோ என்ற கருவிக்கு அனுமதி கிடைத்தது: அடைந்த மார்புச் சிரைக்குள்ளேயே ஒரு குழாயை நுழைத்து நேரே இதயத்தின் வலது மேலறையில் விட்டுவிட்டு, மறுமுனையைக் கைத்தமனியோடு இணைத்துவிடுவார்கள். இடுப்பின் பின்புறமாக முதுகுப் பக்கத்திலிருந்து பெருஞ்சிரைக்குள் குழாய் போடுவதும், கல்லீரல் வழியாகப் போடுவதும் கடைசி வழிகள். அவற்றுக்கு எக்ஸ்ரே படம் பார்த்துக்கொண்டே செய்யும் கைதேர்ந்த டாக்டர் வேண்டும்.

எனக்கு ஏற்றது தொடை என்றார். தொடைத் தமனியிலிருந்து சிரைக்குத் தோலுக்கு அடியில் வளைவாக ஒரு செயற்கைக் குழாய், பி.டி.எஃப்.இ. என்பார்கள், டெஃப்லான் வகைப் பொருள்தான். மார்புச் சிரை அடைந்திருந்தாலும் இதற்குக் கவலையில்லை, ரத்தம் கீழேயிருந்து மேலே போகிறது. தடிக்கக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போடலாம். ஆபத்துகளையும் மறைக்கவில்லை. கைக் குழாயைவிட இங்கே கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். ரத்தம் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் பாதம் பட்டினி கிடந்து குளிர்ந்துபோகலாம். நீண்டநாள் சர்க்கரை நோயால் கால் தமனி கெட்டவர்களுக்கு இது ஆகாது. என் இரண்டு பாதங்களிலும் நாடியைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் செய்து பார்த்த பிறகே ஒத்துக்கொண்டார்.

எந்தத் தொடை என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் நான் இந்த நோயில் கற்றவற்றில் முக்கியமானது. மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் இடுப்பெலும்பின் குழியில் வைத்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு இணைக்கிறார்கள். தொடையில் குழாய்களைப் போட்டுப் போட்டு அந்தச் சிரையைக் கெடுத்துவிட்டால் நாளைக்குச் சிறுநீரகம் கிடைத்தாலும் பொருத்த இடம் இருக்காது. ஆகவே இடது தொடை. வலது பக்கத்தை மாற்றுச் சிறுநீரகத்துக்காகத் தொடாமல் வைக்க வேண்டும். தற்காலிகக் குழாய் வலது இடுக்கில் இருந்ததைப் பார்த்ததும் அன்றைக்கே அதை எடுக்கச் சொன்னார்.

சிறுநீரக மாற்று என்றால் என் அப்பா தலைமுறைக்கு எம்.ஜி.ஆர். வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே அது நடந்திருந்தாலும் எங்கள் தெரு அதைக் கேள்விப்பட்டது 1984-ல், அவர் புரூக்ளினில் படுத்திருந்தபோது. அண்ணன் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார். எனக்கு என் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. 2012-ல் கேரள அரசு தொடங்கிய மிருதசஞ்சீவனி உறுப்பு தானத் திட்டத்தில் பெயர் பதிந்து காத்திருக்கிறேன். டயாலிசிஸ் தொடங்கிய காலத்தில் ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் எதிர்ப்பணுக்கள் உண்டாகியிருக்கின்றன; பொருத்தம் அமைவது கடினம். 2023 நவம்பரில் எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலேயே, ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் நாட்டிலேயே முதன்முறையாக, சிறுநீரக மாற்று நடந்தது என்று கேட்ட அன்று எங்கள் யூனிட்டில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

இடது தொடையில் குழாய் போட்டாயிற்று. அதோடு வாழ்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: முண்டு கட்டுகிற ஊரில் இருப்பது பெரிய வசதி. யூனிட்டுக்குப் போனதும் திரையை இழுத்துவிட்டு, முண்டை இடது பக்கம் மட்டும் ஒதுக்கி, சோப்புப் போட்டுத் தொடையைக் கழுவிய பிறகுதான் சிஸ்டரைத் தொடவிடுவேன். இடுக்கில் ஈரம் தங்கக் கூடாது. மழைக்காலத்தில் பஸ்ஸில் நனைந்து போய்ச் சேர்ந்தால் முதலில் துடைத்துக் காயவிட வேண்டும். பெட்டியில் தேய்த்த சுத்தமான பருத்தித் துண்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கும், அதை என் மனைவி தேய்த்துத் தருகிறாள். சப்பணமிட்டு உட்காருவதில்லை. காலையில் எழுந்ததும் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கிறேன், பிறகு பாதத்தைத் தொட்டு வெதுவெதுப்பைப் பார்க்கிறேன். கையில் வெறுத்த அந்த அதிர்வை இப்போது தேடித் தொடுகிறேன்.

என் ஆதங்கம் ஒன்று உண்டு. 2016-ல் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. கேரளத்தில் காருண்யா திட்டம் மூலம் எத்தனையோ ஏழைகளுக்கு டயாலிசிஸ் செலவு கிடைத்திருக்கிறது; அந்தப் பணம் இல்லையென்றால் நான் இல்லை. ஆனால் எங்கே பார்த்தாலும் மெஷினையும் தடவைகளையும்தான் எண்ணுகிறார்கள். ஒரு நோயாளிக்கு எத்தனை சிரைகள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை. ஃபிஸ்டுலா உறைந்தால் அதே நாளில் திறக்க ஓர் இடம், பலூன் வைக்க அலையாமல் ஒரு தேதி, ஆபரேஷனுக்கு முன் இரண்டு கைகளுக்கும் ஸ்கேன், இவை கிடைத்தால் எத்தனையோ பேரின் கைகள் இன்னும் பல வருஷம் தாங்கும். அமெரிக்கச் சிறுநீரக டாக்டர்கள் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், எல்லோருக்கும் முதலில் ஃபிஸ்டுலா என்ற பழைய பிடிவாதத்தைத் தளர்த்தி, ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வாழ்நாளுக்கான திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள்: இப்போது எது, அது கெட்டால் எது, அதற்குப் பிறகு எது. எண்பது வயதுப் பாட்டிக்கும் இருபது வயதுப் பையனுக்கும் ஒரே வழி சரிப்படாது என்பதை ஒரு புத்தகமே ஒத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

செருளாயிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். காலேஜில் படிக்கிற பையன். கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. என்ன சாப்பிடலாம் என்று கேட்க வந்தார்கள். நான் பையனின் கைகளைத்தான் பார்த்தேன். இடது முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த நீலத் தழும்பு. இனிமேல் லேபில் ரத்தம் எடுக்கும்போது புறங்கையை நீட்டச் சொன்னேன். எந்தக் கை என்று டாக்டரிடம் கேட்டு அந்தக் கையில் ஊசியோ ட்ரிப்ஸோ பிரஷர் பட்டையோ வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லச் சொன்னேன். காறை எலும்புக்குக் கீழே குழாய் போட வந்தால் வேறு வழி இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். டயாலிசிஸ் தொடங்க வேண்டிய காலத்துக்குச் சில மாதம் முன்னாடியே ஃபிஸ்டுலா போட்டுவிட்டால் கழுத்துக் குழாயே தேவைப்படாமல் போகலாம் என்றேன். அந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது, "இன்னும் அந்த நெலமைக்கு வரலியே அண்ணா" என்றார். வராமலே போகட்டும். நோட்டில் ஒரு பக்கம் கிழித்து மனித உருவம் வரைந்து பையன் கையில் கொடுத்தேன், இரண்டு கைகளும் காலியாக.

என்னுடைய தாளில் காலி இடம் அதிகமில்லை. இடது தொடைக் குழாய் ஒரு தடவை குறுகி, பலூன் வைத்து விரித்தாயிற்று. அது நின்றுவிட்டால் வலது தொடையைத் தொடுவதா, மாற்றுச் சிறுநீரகத்துக்காக விட்டுவைத்து முதுகுப் பக்கமாகக் குழாய் போட்டுக்கொண்டு காத்திருப்பதா என்று சர்ஜனிடம் கேட்டேன். பட்டியலில் என் இடத்தையும் எதிர்ப்பணுக்களின் அளவையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை போகும்போது என் மனைவியும் வருகிறாள். கேட்க வேண்டியவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். முதுகு வழியாகக் குழாய் போடுகிற டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது அதில் முதல் கேள்வி.